மூன்றாம் நம்பர் பூட்ஸ்

நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அக்கா. வெயில் ஏறினால் இது நொந்துபோகும். நொந்த மீனைக் குழம்பு வைத்தால் எங்கள் வீட்டில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய்விடுவார். அந்தச் சாக்கை இழுத்துப்போட்டு உட்காருங்கள். பூனை வந்தால் மட்டும் ஒரு சத்தம் கொடுங்கள். பிள்ளை இப்போதுதான் தொட்டிலில் கண் அசந்தது. உள்ளே மதினியும் மாத்திரை போட்டுப் படுத்திருக்கிறது. கொஞ்சம் மெதுவாகவே பேசுவோம்.

ஆபீஸ் கொடுத்த பூட்ஸைப் பற்றி என்னிடம் கேட்க என்ன இருக்கிறது? நான் அஞ்சாவது வரைக்கும்தான். நாலு பேர் நடுவில் பேச வராது, நாக்கு ஒட்டிக்கொள்ளும். கங்காணி வீட்டுக்குப் போங்கள், அவர் நன்றாகப் பேசுவார். போய்விட்டுத்தான் வருகிறீர்களா? என்ன சொன்னார்? பூட்ஸ் எல்லாம் ரொம்ப நன்றாக இருக்கிறது என்றாரா? அப்படியானால் என் பேரிலும் அதையே எழுதிக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கிறது. குறை சொன்னால் அடுத்தது தரமாட்டீர்கள். அடுத்தது கண்ணாடி என்று பேசிக்கொள்கிறார்கள். உப்பளத்து வெள்ளை கண்ணைக் கூசாமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடி. நிஜந்தானா?

இல்லை இல்லை, உள்ளதைத்தான் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். போன தடவை வந்த அம்மாவும் இப்படித்தான் சொன்னார்கள். உள்ளதைச் சொல்லுங்கம்மா, உள்ளதைச் சொல்லுங்கம்மா என்று. உள்ளதைச் சொல்ல எங்களுக்கு எங்கே விட்டார்கள்? ஒருத்தி எழுந்து நின்றாள், எல்லாம் அவள் சொன்னபடிதான் நடந்தது. ஜெபக்கனி. அதோ அந்த நீலக் கதவு வீடு. அவளிடமும் போவீர்கள்தானே. போங்கள். நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

முதலில் மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மதினி என்றால் இவருடைய கூடப்பிறந்த அக்கா. உலகம்மாள். புருஷன் போய் ரொம்ப வருஷம் ஆகிறது, பிள்ளையும் இல்லை, எங்களோடுதான் இருக்கிறது. நானும் அதுவும் ஒரே பாத்தியில் உப்பு வாருவோம். எனக்குப் பேறுகாலம் ஆனபோது ஆஸ்பத்திரியில் கூட நின்றது அதுதான். என் அம்மா வரவில்லை, அது வேறு கதை. மதினிக்குச் சர்க்கரை உண்டு. குதிகாலில் வெடிப்பு விழுந்து அது புண்ணாகிப் போயிருந்தது. ஆறவே இல்லை. பெரியாஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டரம்மா சின்ன வயசு, உங்கள் வயசுதான் இருக்கும். "உப்புத்தண்ணி படக்கூடாது. பட்டுக்கிட்டே இருந்தா காலை எடுக்கும்படி ஆயிரும்" என்று சொல்லிவிட்டார்கள். மதினி வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. "ஏளா சந்தனம், உப்பளத்துல உப்புத்தண்ணி படாம எங்குன நிக்க? வரப்புல ஏறி நின்னா கூலி குடுப்பானா?" என்றது.

வேறு வேலைக்கு எங்கே போக? தீப்பெட்டி ஒட்டலாம் என்றால் கண் தெரியாது. கண் எங்கள் எல்லாருக்குமே அப்படித்தான், வெள்ளையையே பார்த்துப் பார்த்து.

அப்போதுதான் பூட்ஸ் வருகிறது என்று சொன்னார்கள். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், தண்ணி உள்ளே போகாது, அரசாங்கம் தருகிறது. மதினி அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது திரும்பத் திரும்ப அதையே பேசியது. தண்ணி உள்ள போகாதாமே, தண்ணி உள்ள போகாதாமே. பெருமாள் கோயிலுக்குக்கூட நேர்ந்துகொண்டது.

சமுதாயக்கூடத்தில் கூட்டம். ஆபீஸிலிருந்து ஒரு அம்மாவும் கண்ணாடி போட்ட ஒரு தம்பியும் வந்திருந்தார்கள். தார்ப்பாயில் மூன்று ஜோடி பூட்ஸ். கம்பெனிப் பேர் தெரியாதபடி தாள் ஒட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டிருந்தது. அந்த அம்மா மைக்கில் பேசினார்கள். "முன்னாடியெல்லாம் நாங்க ஆபீஸ்ல உக்காந்து முடிவு பண்ணி வாங்கி அனுப்புவோம். அது உங்களுக்கு ஒத்துவருதா வரலையான்னு எங்களுக்குத் தெரியாது. இனிமே அப்படி இல்ல. போட்டுப் பாருங்க. பாத்தியில நடந்து பாருங்க. நீங்க சொல்றதத்தான் டெண்டர்ல எழுதுவோம். எழுதினத இந்தச் சுவத்துல ஒட்டுவோம். அதுல தப்பு இருந்தா யார் வேணாலும் வந்து சொல்லலாம். இது உங்க வரிப்பணம்."

பின்னாலிருந்து யாரோ, "ஏட்டி, நீ வரி கட்டுதியா?" என்றாள். "தீப்பெட்டி வாங்குதேம்லா" என்றாள் இன்னொருத்தி. ஒரே சிரிப்பு.

முன்னால் நாற்காலியில் கங்காணி தவசி உட்கார்ந்திருந்தார். லோடு ஏற்றுகிற ஆண்கள் எல்லாம் நின்றார்கள். அவர்கள் முன்னால் சேலையைத் தூக்கிக்கொண்டு பூட்ஸில் காலை விடுவதா? ஆண்கள்தான் போட்டுப் பார்த்தார்கள். லாரிப் பக்கத்தில் காய்ந்த தரையில் நிற்கிறவர்களுக்குப் பூட்ஸ் எதற்கு, ஆனாலும் போட்டார்கள். இரண்டாம் நம்பர் நல்ல கறுப்பு, போலீஸ்காரன் போடுகிற மாதிரி. அதுதான் வேண்டும் என்றார்கள். கங்காணியும் தலையாட்டினார்.

"பொம்பளைங்க ஏதாவது சொல்லுங்கம்மா. நீங்கதான் பாத்தியில நிக்கிறவங்க" என்று அந்த அம்மா கேட்டார்கள். நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்தோம். எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. மதினிக்குக் காலில் புண் இருக்கிறது, உள்ளே மெத்தென்று இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மா என் பக்கம் பார்த்த உடனே நான் பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டு அதன் முதுகைத் தட்ட ஆரம்பித்துவிட்டேன். மதினியும் பேசவில்லை. பெண்பிள்ளைகள் என்றால் அப்படித்தானே.

அப்போது எழுந்தாள் ஜெபக்கனி. கூட்டம் என்று பார்க்கவில்லை, கங்காணி என்று பார்க்கவில்லை. நேரே போய் ஒவ்வொன்றாகப் போட்டாள். வெளியே போய்ப் பக்கத்துப் பாத்தியில் இறங்கி நடந்துவிட்டு வந்தாள், மூன்று தடவையும். "ரெண்டாம் நம்பர் சேத்துல புடிச்சிக்கிடுது, காலு வந்துருது பூட்ஸு வரமாட்டேங்கு. மூணாம் நம்பர் எடுங்க. மேல நாடா இருக்கு, இழுத்துக் கட்டிக்கிட்டா தண்ணி எறங்காது. உள்ள துணியும் மெத்துனு இருக்கு" என்றாள். கங்காணி, "ஏ ஜெபக்கனி, சீமைக்குப் போவப் போறியா?" என்று கேட்டார். "ஆமா, ஒம்ம பாத்தி சீமையிலதான இருக்கு" என்றாள். பாருங்கள், அந்த வாயை.

எழுதிக்கொண்டார்கள். மூன்றாம் நம்பர்தான் கடைசியில் வந்தது. அத்தனை ஆம்பளைகள் இரண்டு என்று சொல்லியும், ஒரு பொம்பளை பேச்சைக் கேட்டு மூன்று. அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

பிறகு அளவு. அதுதான் அக்கா, அதைக் கேளுங்கள். அந்தக் கண்ணாடித் தம்பி ஒரு கட்டுத் தாளை எடுத்துத் தரையில் ஒவ்வொன்றாக விரித்தான். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் பூராவும் எழுத்து, ஆபீஸ் தாள். அதில் ஏறி நிற்க வேண்டுமாம். அவன் குனிந்து உட்கார்ந்து பென்சிலால் காலைச் சுற்றி வரைவானாம். நீங்களே சொல்லுங்கள். எழுத்து உள்ள தாளில் காலை வைப்பதா? பிள்ளைகள் புத்தகத்தில் தெரியாமல் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். போதாததற்குப் படித்த பையன் நம் காலடியில் உட்கார்ந்திருக்கிறான். "எழுத்து கீழ் பக்கம்தானம்மா இருக்கு, சும்மா மிதிங்க" என்கிறான். கீழ்ப்பக்கம் இருந்தால் எழுத்து இல்லையென்று ஆகிவிடுமா? வரிசையில் முதலில் நின்றவள் கால் நுனி பட்டதற்கே பதறிப்போய்த் தாளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பின்னால் வந்துவிட்டாள். ஒருத்தியும் போகவில்லை.

ஜெபக்கனி போனாள். ஏறி நின்றாள். கூச்சமே இல்லாமல் சேலையைக் கணுக்கால் வரைக்கும் பிடித்துக்கொண்டு, "தம்பி, சுண்டுவிரல் கொஞ்சம் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும், அதையும் சேத்து வரைங்க" என்றாள். அவன் வரைந்தான். "அவங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க, இதெல்லாம் பாக்கமாட்டாவ" என்று எங்கள் பக்கம் குசுகுசுத்தார்கள். வேதக்காரர் வீட்டுப் பெண்களிலும் வேறு ஒருத்தியும் போகவில்லை என்பது வேறு.

தம்பி பாவம், நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சரிம்மா, கால் வைக்க வேண்டாம். நாளைக்கு ஆளுக்கு ஒரு ஜோடி செருப்பு கொண்டாங்க. அதை அளந்துக்கிறேன்" என்றான். அது நல்ல யோசனை. எல்லாருக்கும் நிம்மதி.

வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், என் செருப்பு வாரறுந்து ஊக்குப் போட்டிருக்கிறது. குதிகால் பக்கம் தேய்ந்து வெளிச்சம் தெரிகிறது. மதினியுடையது அதைவிட மோசம், கட்டுக்கம்பி வைத்துக் கட்டியது. அதைக் கொண்டுபோய் ஆபீஸர் மேஜையில் வைப்பதா? அவன் கையால் தொட்டு அளப்பானே. எனக்கு அப்படியெல்லாம் செய்ய வராது. இவருடைய தோல் செருப்பை எடுத்துத் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவினேன். மதினிக்கு அதன் வீட்டுக்காரர், அதாவது செத்துப்போன அண்ணாச்சியுடைய செருப்பு, பையில் சுற்றி மச்சில் பத்திரமாக இருந்தது. அதையும் எடுத்தேன். மதினிக்கு அன்றைக்குக் காய்ச்சல், நான்தான் இரண்டையும் கொண்டுபோனேன். அங்கே போய்ப் பார்த்தால் எல்லாரும் நம்மைப் போலத்தான். மேஜை மேல் வரிசையாகத் தோல் செருப்பு, பளபளவென்று. ஒருத்தி மாப்பிள்ளைச் செருப்பைக் கொண்டுவந்திருந்தாள், விலைச்சீட்டுகூடப் பிய்க்காதது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஊர் மானம் காப்பாற்றப்பட்டது.

தம்பி அளந்து அளந்து எழுதினான். "இந்த ஊர்ல நல்ல பெரிய கால்தான் போல" என்று சிரித்தான். நாங்களும் சிரித்தோம்.

சொன்னபடி சுவரில் ஒட்டினார்கள். பேர், பக்கத்தில் அளவு. தப்பு இருந்தால் வந்து சொல்லுங்கள் என்று கீழே பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். சந்தனக்கனி எட்டு. உலகம்மாள் ஒன்பது. மற்றவர்களும் எட்டு, ஒன்பது, ஒருத்திக்குப் பத்து. ஜெபக்கனிக்கு மட்டும் அஞ்சு. படித்துச் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். "துள்ளிக்கிட்டுப் போனாளே, கெடைச்சது அஞ்சுதான்" என்றார்கள். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "ஏளா, இது உங்க அளவா?" என்று என்னைக் கேட்டாள். பொறாமை. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பூட்ஸ் வந்தது. மூன்றாம் நம்பர், நாடா வைத்தது, உள்ளே துணி, எல்லாம் சொன்னபடி. ஆனால் என்ன ஏமாற்றோ பாருங்கள் அக்கா, உள்ளே கால் நிற்கவே இல்லை. பறைக்குள் பட்டாணி மாதிரி உருளுகிறது. சேற்றில் ஒரு எட்டு வைத்தால் பூட்ஸ் அங்கே, கால் இங்கே. நாடாவை எவ்வளவு இழுத்தாலும் மேலே வாய் திறந்தே இருக்கிறது. உப்பு வாருகிற பலகையை இழுக்கும்போது தண்ணி சாய்ந்து உள்ளே போய்விடுகிறது. போனது வெளியே வருவதில்லை. நாள் பூராவும் உப்புத்தண்ணியிலேயே கால் ஊறிக்கொண்டு, அதற்குள் உப்புக் கல் புகுந்து அரைத்துக்கொண்டு. கழற்றிவிடலாம் என்றால் கங்காணி விடவில்லை. ஆபீஸிலிருந்து படம் எடுக்க வருவார்கள், பூட்ஸ் போடாதவளுக்கு வேலை இல்லை என்றுவிட்டார்.

கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றுதான் எல்லாரும் சொன்னோம். ஆனால் ஜெபக்கனிக்கு மட்டும் கச்சிதமாக இருந்தது. கச்சிதம் என்றால் அப்படி ஒரு கச்சிதம். அவள் பாத்தியில் சரசரவென்று நடக்கிறாள். ஊர் பூராவுக்கும் கோளாறாகி ஒருத்திக்கு மட்டும் எப்படிச் சரியாக வரும்? அவளுக்கு ஆபீஸில் ஆள் இருக்கிறது. இல்லையென்றால் எப்படி? அந்தத் தம்பி அவள் காலை மட்டும் வரைந்தானே. எல்லாருக்கும் இது தெரியும், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

கடைசியில் படம் எடுத்துப் போன பிறகு என் பூட்ஸை இவர் எடுத்துக்கொண்டார். லோடுக்குப் போட்டுக்கொண்டு போகிறார். அவருக்கென்றே செய்தமாதிரி இருக்கிறது. அது மட்டும் ஒரு லாபம்.

மதினி புண்ணில் துணியைச் சுற்றி, மேலே கயிற்றைக் கட்டிக்கொண்டு போகும். "வேண்டாம் மதினி, கொஞ்ச நாள் வீட்டுல இரி" என்று சொன்னேன். "கேட்டுக் குடுத்திருக்காவ சந்தனம். நம்மகிட்டக் கேட்டு, நம்ம அளவுக்கு வாங்கிக் குடுத்திருக்காவ. போடாம இருந்தா எப்படி?" என்றது. யாருமே இதுவரைக்கும் எங்களிடம் எதையும் கேட்டது கிடையாது, அதுதான். சாயங்காலம் பூட்ஸைக் கவிழ்த்தால் தண்ணி செங்கலங்கலாக வரும். நான் கழுவி வைப்பேன். வாடை வர ஆரம்பித்தது.

அப்போது ஒரு நாள் சாயங்காலம் ஜெபக்கனி வந்தாள். இதே இடத்தில்தான், நான் விளக்குமாறும் கையுமாக நிற்கிறேன். கையில் ஒரு பை. மதினி உள்ளே காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தது. பையைத் திறந்தாள், அவளுடைய பூட்ஸ். கழுவி, வெயிலில் காயவைத்து, உள்ளே பழந்துணி அடைத்துக் கொண்டுவந்திருந்தாள்.

"அக்கா காலும் என் காலும் ஒண்ணுதான் சந்தனம். நான் அளந்து பாத்திருக்கேன், பாத்தியில கெடந்த தடத்துல என் காலை வச்சிப் பாத்தேன். அக்கா இதப் போட்டுக்கிடட்டும். எனக்குப் புண்ணு கெடையாது, நான் வெறுங்காலோட நின்னுக்கிடுவேன். கங்காணி வந்தா மட்டும் அக்காவோடதப் போட்டுக் காட்டிக்கிடுதேன். அக்காவக் கூப்புடு" என்றாள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததென்று தெரியவில்லை அக்கா. கூட்டத்தில் வாய் திறக்காதவள் நான். மாமியார் இருந்த காலத்திலும் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னது கிடையாது. அன்றைக்குப் பேசினேன். "ஆளு வச்சி நல்லதா வாங்கிக்கிட்டு இப்பம் எங்களுக்குப் பிச்சை போட வந்தியா? நீ போட்டுக் கழிச்சதை எங்க மதினி போடணுமா? ஊரையே நாறடிச்சிட்டு இங்க வந்து நல்ல பேரு வாங்கப் பாக்கியா? தூக்கிட்டுப் போட்டி" என்றேன். தெருவே கேட்கிற மாதிரி. "அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லு" என்றாள் அவள். "சொல்ல முடியாது, போ" என்றேன். பையைக் கட்டிக்கொண்டு போனாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு தெம்பு. இவர் வந்ததும் சொன்னேன். "நல்லாக் கேட்ட. இத்தன நாளும் ஊமைன்னுல்லா நெனச்சிருந்தேன்" என்று சிரித்தார். மறுநாள் எனக்குப் பூ வாங்கிக்கொண்டு வந்தார்.

நீங்கள் ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? இதையெல்லாம் எழுத வேண்டாம், சும்மா சொன்னேன். நீங்கள் உள்ளதைச் சொல்லச் சொன்னீர்களே என்று.

பிறகு என்ன. மதினி ஒரு நாள் பாத்தியிலேயே விழுந்துவிட்டது. தூக்கிக்கொண்டு போனோம். அதே டாக்டரம்மாதான். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வலது கால். மயக்கம் தெளிந்து மதினி என்னிடம் முதலில் கேட்டது என்ன தெரியுமா, "பாத்தியில என் இடத்துல யார விட்டிருக்கான்?" என்று. இப்போது அந்த இடத்தில் ஜெபக்கனிதான் நிற்கிறாள், அந்தப் பூட்ஸோடு. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

மதினி ஒரு நாளும் அவளைப் பற்றிக் கேட்டதில்லை என்று நினைக்கிறீர்களா? கேட்கும். "அந்தச் செறுக்கிமவ ஒரு நாளாவது எட்டிப் பாத்தாளா? நல்ல பூட்ஸ் கெடச்சதும் ஆளு மறந்துட்டாளே" என்று கேட்கும். சின்ன வயசிலிருந்து இரண்டு பேரும் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவர்கள். நான் "அவள விடு மதினி, அவளெல்லாம் ஒரு ஆளா" என்று சொல்லிவிடுவேன். எதற்கு அதன் மனசை வேறு கஷ்டப்படுத்த வேண்டும். அவள் வந்ததையும் நான் விரட்டியதையும் சொன்னால், அதற்கு ஏற்கனவே உடம்பு முடியவில்லை. காலும் இல்லாத இடத்தில் இதையும் சொல்லி என்ன ஆகப்போகிறது.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்கா? வருகிறேன், வந்து பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். பேசச் சொல்லாதீர்கள். கண்ணாடிக்கு முகத்தை அளக்க வேண்டுமென்றால் பெண்பிள்ளை யாரையாவது அனுப்புங்கள். ஜெபக்கனி சொல்லுவதை மட்டும் இந்தத் தடவை எழுதிவிடாதீர்கள், அவ்வளவுதான் நான் கேட்பது. பொம்பளைகளுக்குள் ஒருத்திக்கு மட்டும் நல்லதாகப் போனால் அது…

பிள்ளையா அழுகிறது? இல்லையே. மதினியா? முழித்துவிட்டதா?

இருங்கள். கூப்பிடுகிறது. என்னவோ கேட்கிறது… "பையில என்ன கொண்டாந்தா? எப்பம் வந்தா ஜெபக்கனி?" என்கிறது. எவ்வளவு நேரமாக முழித்திருக்கிறதோ தெரியவில்லையே. ஓலைத் தடுப்புதானே நடுவில். அக்கா, நீங்கள் போய்விடாதீர்கள், கொஞ்சம் கூட இருங்கள். வாரேன் மதினி! எந்திரிக்காத, விழுந்துருவ! ஒண்ணுமில்ல மதினி, அது அன்னைக்கு நீ காய்ச்சல்ல கெடந்தல்லா, அவ சும்மா வாசல்ல வந்து நின்னா, நான் உன்ன எழுப்பத்தான் வந்தேன்…